ஒன்பது மணிப் பத்து

செபமாலையின் நாலாம் பத்தில் ஒன்பதாவது மணியைக் கோத்ததும் மதலேனாள் கையை நிறுத்தினாள். அடுத்த அறையில் அண்ணன் சவிரிமுத்துவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பத்தாவது மணியை மடியிலிருந்து எடுத்து, ஒருமுறை பார்த்து, யன்னலால் வெளியே எறிந்தாள். பிறகு ஒன்பதோடு முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.

பாலைப்பழக் கொட்டையில் செபமாலை கட்டுவது அவளுக்குக் கைவந்த வேலை. கொட்டையைக் காயவைத்து, நெருப்பில் காய்ச்சிய ஊசியால் துளைத்து, வலைநூலில் கோத்து, மணிக்கு ஒரு முடிச்சுப் போடுவாள். போடும்போதே ஒரு மங்களவார்த்தைச் செபமும் சொல்லுவாள். விற்கமாட்டாள், யாருக்கும் கொடுக்கவும் மாட்டாள். கல்யாணம் குழம்பிய வருஷத்திலிருந்து வருஷத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு மாலைகள் அவள் கட்டிலுக்கு மேல் தொங்கின. மாப்பிள்ளை கிடைக்காதவளுக்கு மணியாவது கிடைத்ததே என்று மாங்குளத்தில் சிலர் சிரித்ததும் உண்டு.

உலக யுத்தம் முடிந்த வருஷம் அது. ஸ்டேசனில் வேலைபார்த்த நடராசா அவளுக்காகச் சைவத்தை விட்டு வேதத்துக்கு வர இருந்தான். ஆறு மாதம் பங்குச் சுவாமியிடம் செபம் படித்தான். ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் சவிரிமுத்து சுவாமியிடம் போய், நடராசா அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் செபமாலையைக் கையில் பிடித்துச் சத்தியம் பண்ணினான். செபமாலையைப் பிடித்துச் சொன்னவனைச் சுவாமி நம்பினார். நடராசா தலையைக் குனிந்துகொண்டு வேறு ஸ்டேசனுக்கு மாற்றம் வாங்கிப் போய்விட்டான்.

மதலேனாளும் நம்பினாள். அதுதான் இப்போது அவள் நெஞ்சை அறுத்தது. நடராசா ஏமாற்றினான் என்ற கோபத்தை அடக்கத்தான் அவள் மணி மணியாகக் கோத்தாள். அவனோ ஏமாற்றவே இல்லை.

பத்து நாளைக்கு முன், கஞ்சி பருக்கும்போது சவிரிமுத்து தானாகவே வாயைத் திறந்தான்.

"அண்டைக்குச் சுவாமியிட்டச் சொன்னது பொய், தங்கச்சி. அவன் தேங்காய் உடைக்கேல்ல. நீ போனா அம்மாவை ஆர் பாக்கிறது?"

அம்மா செத்தே பன்னிரண்டு வருஷம்.

"நான் கண்ணை மூடினா என்ர கையில நீ கட்டின மாலை ஒண்டைப் போட்டுவிடு" என்றான். மன்னிப்பு என்ற சொல் வரும் என்று காத்திருந்தாள். கஞ்சிக்கு உப்புக் காணாது என்பதுதான் வந்தது.

"ஓம், புதுசா ஒண்டு கட்டித்தாறன்" என்றாள்.

செபமாலையைப் பிடித்துப் பொய் சொன்னவன் பொய்ச் செபமாலையோடு போகட்டும். மோட்ச வாசலில் நின்று எண்ணட்டும். நாலாம் பத்தில் தடக்குப்பட்டு, திரும்பத் தொடங்கி, திரும்பத் தடக்குப்பட்டு, உலகம் முடியுமட்டும் எண்ணட்டும். இந்த மாலைக்கு அவள் ஒரு செபமும் சொல்லவில்லை.

"மச்சாள்! ஓடி வாங்கோ!"

அண்ணன் மனைவி அன்னபாக்கியத்தின் குரல். மதலேனாள் கடைசி முடிச்சை இறுக்கி, மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் எழும்பினாள்.

சவிரிமுத்துவின் மூச்சு அடங்கியிருந்தது. மாலையை அவளே அவன் விரல்களில் சுற்றினாள். தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வந்த சுவாமி குனிந்து மாலையை உற்றுப் பார்த்தார். "நல்ல கைவேலை" என்று சொல்லி மாலையையும் மந்திரித்தார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள், பாவம், அழக்கூடச் சீவன் இல்லை அவளுக்கு என்றார்கள்.

அடுத்தநாள் பின்னேரம் பெட்டியை மூட ஆசாரி ஏரம்பு ஆணியோடு வந்தார்.

"பொறுங்கோ" என்றாள் அன்னபாக்கியம். புருசனின் விரல்களிலிருந்து மாலையை மெல்லக் கழற்றினாள். தன் கழுத்தில் கிடந்த செபமாலையை எடுத்து அங்கே சுற்றினாள்.

மதலேனாள் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "மச்சாள், அது அவற்ற. எடுக்கக்கூடாது!"

"அவர் கேட்டு நீங்கள் கட்டினது. அவற்ற கை பட்ட மாலை எனக்கு வேணும். என்ர மாலை அவருக்கு. முப்பது வருஷம் அவருக்காகத்தானே அதை உருட்டினனான்."

தங்கச்சிக்குத் துக்கம் தலைக்கேறிவிட்டது என்று இரண்டு பெண்கள் மதலேனாளைப் பின்னால் இழுத்தார்கள். முப்பது வருஷம் உருட்டித் தேய்ந்த, ஒன்றும் குறையாத ஐம்பத்துமூன்று மணியோடு சவிரிமுத்து சுகமாகப் படுத்திருந்தான். ஏரம்பு ஒவ்வொரு ஆணியாக அறைந்தார். அப்போதுதான் மதலேனாள் வாய்விட்டு அழுதாள்.

எட்டாம் நாள், விளக்கு வைத்தபின் இருவரும் முழங்காலில் நின்றார்கள். அன்னபாக்கியம் புருசனின் கையிலிருந்து எடுத்த மாலையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு செபத்தைத் தொடங்கினாள். மதலேனாள் மறுமொழி சொன்னாள். நாலாம் பத்து முடியும் இடத்தில் அன்னபாக்கியத்தின் விரல் நின்றது.

"ஒம்பதோ பத்தோ சொன்னனான், மச்சாள்? ஒவ்வொருநாளும் இந்தப் பத்திலதான் பிழைக்கிறன். என்ர புத்தி கலங்கிப்போச்சு. என்னாலதான் அவற்ற ஆத்துமம் கரைசேராமல் நிக்குதோ தெரியேல்ல."

மாலையில் பிழை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கட்டினவள் மதலேனாள் அல்லவா.

மதலேனாள் வாயைத் திறந்தாள். குறைந்த மணியைச் சொன்னால் அண்ணன் பண்ணின பொய்ச் சத்தியத்தையும் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் செபித்தவளிடம் அவள் புருசன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேண்டும்.

"திரும்பத் தொடங்குங்கோ" என்றாள்.

அன்னபாக்கியம் நாலாம் பத்தின் முதல் மணியைத் தேடிப் பிடித்தாள். மதலேனாள் நோகும் முழங்காலைக் கொஞ்சம் அரக்கி வைத்துக்கொண்டு மறுமொழி சொன்னாள்.