பச்சைக் கோடு

மருந்துக் குப்பியை விரலால் சுட்டி, "கோடு தெரியுது, சரி!" என்று உரக்கச் சொன்னேன். எங்கள் நாகசாகியில் ஆஸ்பத்திரியானாலும் டிராமானாலும் சரிபார்த்ததை இப்படிச் சுட்டிச் சொல்லியே ஆக வேண்டும். பதினோரு வருடமாகச் சொல்கிறேன். வாய் தானாகவே சொல்லிவிடும், அதுதான் வினை.

பார்வைக்கு அது வெறும் தண்ணீர்தான். கண்ணுக்கே தெரியாத வாயுக் குமிழிகள் அதில் கோடிக்கணக்கில் மிதக்கும், ஒவ்வொன்றின் மேலும் புற்றுநோய் மருந்து ஒட்டியிருக்கும். கல்லீரலுக்குப் போனதும் வெளியிலிருந்து ஒலியலை கொடுத்து உடைப்போம். மருந்து கட்டியில் மட்டும் இறங்கும். முன்னாலேயே உடைந்திருந்தால் அதே மருந்து இதயத்தை நிறுத்திவிடும். குமிழி உயிரோடு இருக்கிறதா என்பதற்குப் பச்சை லேசர்தான் சாட்சி. இருந்தால் குப்பிக்குள் ஒளிக்கோடு விழும், இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது.

சிரிஞ்சில் ஏற்றி ஹிராட்சுகா டாக்டரிடம் கொடுத்தேன். அவர் அதை நோயாளியின் கை ஊசிக்குப் போகும் குழாயில் பொருத்தினார். கட்டிலில் டிராம் ஓட்டுநர் மொரிசாக்கி.

"கராஷிமா சான், உங்க கை ஐஸ் மாதிரி இருக்கு. ஊசி எனக்கா, உங்களுக்கா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்து வைத்தேன். குப்பி சுடுவது அப்போதுதான் உறைத்தது. சூடு பட்டால் குமிழி உடைந்துவிடும். ஸ்கேன் ஜெல்லைச் சூடாக்கும் பெட்டியின் மேல் அதை வைத்திருந்தது நான்தான். அடியில் மிஞ்சியிருந்ததில் லேசரை அடித்தேன். கோடு இல்லை.

டாக்டரின் கட்டைவிரல் அழுத்தத் தொடங்கியிருந்தது. பாய்ந்து குழாயை மடக்கிப் பிடித்தேன்.

"என்ன பண்றீங்க? கைய எடுங்க!"

"குமிழி உடைஞ்சிருச்சு டாக்டர்."

"இப்பதானே கோடு தெரியுதுன்னு கத்தினீங்க?"

"கத்தினேன். பாக்கல."

மருந்து ஊசிக்கு நாலு விரற்கடை தள்ளி நின்றிருந்தது. டாக்டர் குழாயைக் கழற்றினார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"நீங்க சொன்னப்ப உங்க கண்ணு கடிகாரத்துல இருந்துச்சு," என்றார் மொரிசாக்கி மெதுவாக. "நான் பாத்தேன்."

"அப்ப ஏங்க சொல்லல?"

"விரல் நீட்டிட்டீங்களே! இருபத்தாறு வருஷமா நானும் சிக்னலுக்கு விரல் நீட்டுறேன். நீட்டினப்புறம் ஒருத்தரும் கேட்டதில்ல." அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அதுல எத்தன தடவ நெசமா பாத்தேன்னுதான் இப்ப யோசிக்கிறேன்."

குளிர்பெட்டியிலிருந்து புதிய குப்பி வந்தது. லேசரைப் பிடித்தேன். மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது போலிருந்தது. சரி என்று சொல்ல வாய் வரவில்லை. குப்பியை மொரிசாக்கி பக்கம் நீட்டினேன்.

"உங்களுக்குத் தெரியுதா?"

அவர் தலையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார்.

"தெரியுது," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியணும்னு ஆசைப்படறதால தெரியுதோ என்னவோ. டாக்டரையும் பாக்கச் சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.