பிக்கரிங் போகும் நேரம்

1996ஆம் ஆண்டு தை மாதத்தில் டோர்செட் பார்க்கிலிருந்து பிக்கரிங்குக்கு விமானப் பயண நேரம் நாலு மணி பத்து நிமிடம். இது கஸ்பருக்கு மட்டும். மற்றவர்களுக்குக் காரில் இருபத்தைந்து நிமிடம், பனி கொட்டினால் நாற்பது. அவன் மனைவி அன்ரனெற் மாதம் ஒருதரம் ரயிலேறிப் போய், மத்தியானச் சாப்பாட்டை முடித்து, மீன் கட்லட்டும் கட்டிக்கொண்டு பின்னேரமே திரும்பிவிடுவாள்.

தூரம் கூடத் தொடங்கியது 1993இல். பிக்கரிங்கில் இருந்தவள் கஸ்பரின் ஒரே தங்கை றெஜினா. மன்னாரிலிருந்து அவளைக் கூப்பிட்டு, மூன்று வருடம் தன்னோடு வைத்திருந்து, அகஸ்ரினுக்குக் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். புது வீட்டுக்குக் குடிபோனபோது அவள் வீடு வீடாய் ஏறி இறங்கி எல்லாருக்கும் கார்ட் கொடுத்தாள். தமையனுக்குப் போன் எடுத்தாள். “அண்ணை, வாற சனிக்கிழமை வீடு குடிபுகுறம். வெள்ளெனவே வந்து நிண்டு எல்லாத்தையும் பாருங்கோ” என்றாள். கூடப்பிறந்தவனுக்கு என்ன கார்ட் என்று அவள் நினைத்தாள். கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் கார்ட், எனக்குப் போனோ என்று அவன் நினைத்தான். போகவில்லை.

அடுத்த மாதம் மனசு கேளாமல் காரை எடுத்தான். மோர்னிங்சைட் தாண்டி மூன்று மணி நேரம் ஓடியும் பிக்கரிங் வரவில்லை. “றோட்டிலை ஒரு பிழையும் இல்லை. உங்கட ரோசம்தான் அதை இழுக்குது” என்றாள் அன்ரனெற்.

அடுத்த வருடம் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு றெஜினா கார்டோடு நேரிலேயே வந்தாள். அவளுக்கு எப்போதும் இருபத்தைந்து நிமிடம்தான். கஸ்பர் உள்ளே கதிரையில் இருந்தபடி கதவைத் திறக்காமல் விட்டான். அவள் கார்டைக் கதவின் கீழால் தள்ளிவிட்டுப் போனாள். மறுநாள் முதல் அவனுக்கு விமானம் தேவைப்பட்டது. பயண முகவர் தன் பலகையில் கொழும்புக்கும் சென்னைக்கும் கீழே பிக்கரிங்கையும் எழுதிக்கொண்டார். நத்தாருக்கு, உயிர்த்த ஞாயிறுக்கு என்று றெஜினா கேக்கோடு வந்து தட்டினாள். திறக்காத ஒவ்வொரு தடவையும் பயண நேரம் கூடியது. கஸ்பர் முகவரிடம் போய் நேரத்தை மட்டும் விசாரிப்பான், ரிக்கற் எடுக்கமாட்டான்.

1998 பங்குனியில் அகஸ்ரின் போன் எடுத்தான். “மச்சான், டொக்டர்மார் கையை விரிச்சிட்டினம். உங்களைத்தான் கேக்கிறாள்.” கஸ்பர் வீட்டுச் செருப்போடு ஓடி ரிக்கற் எடுத்தான். அன்றைக்குப் பயண நேரம் பத்தொன்பது மணி. இடையில் பெயர் தெரியாத ஊரொன்றில் விமானம் மாற வேண்டும். அங்கே பிளாஸ்ரிக் கதிரையில் அவன் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்த நேரம் றெஜினா போய்விட்டாள்.

அடக்கம் முடிய அகஸ்ரின் அவனைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். கஸ்பர் மணிக்கூட்டைப் பார்த்தான். இருபத்தைந்து நிமிடம்.

“இவ்வளவுதானா?”

“ஓம் மச்சான். அவள் உவ்வளவு நேரத்திலைதான் வாறவள்.”

அதன்பிறகு கஸ்பருக்கும் அதே நேரம்தான். ஞாயிறு பூசை முடியப் பூக்களோடு போய்வந்தான். முகவர் பிக்கரிங்கை அழித்துவிட்டு, அந்த வரியில் திருச்சி என்று எழுதினார்.