கொம்பன்களுக்கு ஒரு கல்யாணம் முடக்கி

எனக்கு உயரம் ஆறடி. கோபம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். முழங்கால் போகும்வரை கூடைப்பந்து ஆடினேன். போன பிறகு ‘குமரி கொம்பன்ஸ்’ என்கிற தொழில்முறை அணியில் மென்டர் வேலை கிடைத்தது. அது என்ன வேலை என்று அம்மை கேட்டாள். திறமை நிறையவும் புத்தி அரைகுறையாகவும் இருக்கிற பையன்களை வழிதவறாமல் மேய்க்கிற வேலை என்றேன்.

"ஆடு மாதிரியா, மவளே?" என்றாள்.

ஆடு எவ்வளவோ தேவலை. போன வருடம் என் பொறுப்பில் இருந்த ரிஜோ, அரையிறுதிக்கு முந்தின நாள் பந்து எறியும் கையில் புலி பச்சை குத்திக்கொண்டு, கை பூரி மாதிரி உப்பிப்போய் வந்து நின்றான். அவனுக்கு முன்னால் இருந்த அனிஷ், எவனோ பந்தயம் கட்டினான் என்று பாலத்திலிருந்து ஆற்றில் குதித்துக் கணுக்காலை உடைத்துக்கொண்டான். இருவரையும் நான் திட்டிய திட்டை எவனோ படம் பிடித்துப் போட, அது வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அணியின் முதலாளி வைகுண்டராஜன், மார்த்தாண்டத்தில் ரப்பர் மிதியடி செய்து விற்கிறவர். அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு பையனின் ஆட்டத்தை மொபைலில் காட்டினார். பெயர் விபின். வயது இருபது. குலசேகரம் பக்கம் வீடு. பையன் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டே பந்தை இன்னொரு திசையில் கொடுத்தான். பந்து கைக்கு வந்தவனுக்கே அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான் மொபைலைக் கீழே வைத்தேன். இந்தப் பையன் எனக்கு வேண்டும். அவ்வளவுதான் மனசில் ஓடியது.

"ஆனா இவன் ஓட்டக்காரனாக்கும்" என்றார் முதலாளி. "சென்னையில ஒரு டீமுல இருந்து சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு வந்துட்டான். கோயம்புத்தூர்ல பாதி ஆட்டத்துல, போட்ட ஜெர்சியோட பஸ்ஸு ஏறிட்டான். ஏன்னு கேட்டா வாய் தொறக்க மாட்டான். நீ ஊருல போய் விசாரி. நீ சரின்னா நான் ஒப்பந்தம் போடுதேன். இங்கயிருந்தும் ஓடினான்னா, அவனுக்க பொறத்தால நீயும் ஓட வேண்டியதுதான், பிள்ளே."

"எப்படி விசாரிக்க?"

"எனக்க மவளுக்கு மாப்பிள்ளை பாத்தப்போ எப்படி விசாரிச்சேன்? சாயக்கடையில கேட்டேன், ரேஷன் கடையில கேட்டேன், அடுத்த வீட்டுல கேட்டேன். அதே மாதிரி கேளு. டீமுன்னு மட்டும் மூச்சு விடாத. தெரிஞ்சா ஊரே நம்ம தலையில ஏறி இருந்துக்கிடும்."

இப்படி ஒரு யோசனை உலகத்தில் வேறெந்த அணி முதலாளிக்கும் வந்திருக்காது. ஆனால் மறுத்துப் பேசினால் கோபம் வரும். கோபம் வந்தால் வேலை போகும். போனேன்.

விபின் ஊரில், செசிலி என்கிற அம்மாள் நடத்தும் சாயக்கடையில் உட்கார்ந்து, "இங்க விபின்னு ஒரு பையன் இருக்கானே, ஆளு எப்படி?" என்று கேட்டதும் கடையில் இருந்த எல்லாக் கிளாசும் வாய்க்குப் போகிற வழியில் நின்றன. செசிலி என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். அதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பொண்ணு... நீங்களாக்குமா?"

எனக்கும் அவனுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். கிளாசை நங்கென்று வைத்துவிட்டு, "இல்லை, வேற ஆளுக்காக" என்றேன்.

"ஓ, தங்கச்சிக்கு!" என்று அவளே முடிவு செய்தாள். அவ்வளவுதான், கடையே விபினைக் கரையேற்றக் கிளம்பிவிட்டது.

"தங்கமான பயலாக்கும். வீட்டுல இருக்கானா இல்லையான்னே தெரியாது, அவ்வளவு அடக்கம்" என்றாள் செசிலி.

"பந்து விளையாடுவான்னு கேள்விப்பட்டேன்."

"பந்தா? அதெல்லாம் விட்டாச்சுல்லா! இப்போ கையால தொடமாட்டான்" என்றார் ஒருவர்.

"பஸ்ஸு போனாக்கூட ஓடிப் பிடிக்க மாட்டான். அடுத்தது வரும்னு நிப்பான்" என்றார் இன்னொருவர்.

"கையில இருக்கதை எவன் பிடுங்கினாலும் சரின்னு விட்டுக் குடுத்துருவான். அப்படி ஒரு குணம்!"

பெண் வீட்டாரிடம் ஊர் இப்படித்தான் பேசும் என்று தெரியாதவளா நான்? ஆனாலும் ஓடாதவனை, பந்தைத் தொடாதவனை, பிடுங்கினால் கொடுத்துவிடுகிறவனை வைத்துக்கொண்டு கூடைப்பந்தா ஆட முடியும்? கோயிலில் பிரசாதம் கொடுக்க நிறுத்தலாம்.

கிளம்பும்போது செசிலி குரலைத் தாழ்த்தினாள். "எங்க வேணும்னாலும் கேளுங்க. மேல மரியஜான் வீட்டுல மட்டும் கேக்காதீங்க. அவரு கல்யாணம் முடக்கி."

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களிடம் இல்லாததும் பொல்லாததும் சொல்லி விரட்டுகிற ஆளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். சந்திப்பில் வாலிபர் சங்கம் பெரிய ஃபிளெக்ஸே கட்டியிருந்தது: ‘கல்யாணம் முடக்கிகள் கவனத்திற்கு! பிடிபட்டால் வயதோ உறவோ பார்க்கப்பட மாட்டாது.’ பெயர் போடவில்லை. ஆனால் ஃபிளெக்ஸ் மரியஜான் வீட்டைப் பார்த்துத் திருப்பிக் கட்டப்பட்டிருந்தது.

நான் அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. மேட்டில் ஏறியதுமே ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து அவரே வந்தார். கைலியும் தோளில் துண்டுமாக, அறுபதைத் தாண்டிய ஆள்.

"விபினைக் கேட்டுத்தானே வந்திய? பாவம், நல்ல குடும்பம் மாதிரி தெரியுது. அதான் மனசு கேக்கல" என்று தொடங்கினார். "அவன் ஒருத்தனுக்கும் அடங்க மாட்டான், பிள்ளே. விடிஞ்சா அடைஞ்சா பந்துதான். சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம்."

"நெசமாவா?" என்றேன். குரலில் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

அவர் ஒரு நொடி தயங்கினார். இந்த இடத்தில் ஆட்கள் முகம் வாடுவதுதான் வழக்கம் போலிருக்கிறது. "ஒண்ணு நினைச்சா விடமாட்டான். ஒரு பந்துக்காக இவனைவிடத் தடியனான நாலு பேரை இடிச்சுத் தள்ளிட்டுப் போனான். எனக்க கண்ணால பாத்தேன்."

"சொல்லுங்க அண்ணாச்சி, இன்னும் சொல்லுங்க!"

"தோத்தா வீட்டுல ஆருகிட்டயும் பேச மாட்டான்!"

"அப்புறம்?"

மரியஜான் துண்டால் முகத்தைத் துடைத்தார். இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு பெண் வீட்டை அவர் பார்த்திருக்க மாட்டார். "இது நமக்குக் கொள்ளாத கேஸாட்டு இருக்கே" என்று முனகினார்.

"இப்படிப்பட்டவன் ஏன் ரெண்டு இடத்துல இருந்து ஓடி வந்தான்?"

"அது ஆருக்குத் தெரியும்? ஊருக்குள்ள வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகல. நேரா எனக்க வீட்டுப் பொறத்தால வந்து பந்தைத் தட்ட ஆரம்பிச்சிட்டான். எனக்க உயிரை எடுக்கதுக்குன்னே வந்திருக்கான். அந்தா, சத்தம் கேக்குதா?"

அவர் வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் ரப்பர் ஷீட் காயப்போடும் சிமென்ட் முற்றம். ஓரத்தில் ஒரு பலாமரம், அதில் அடித்த இரும்பு வளையம். சீசனில் பந்தும் விழும், பலாச்சக்கையும் விழும். மேலே பார்க்காமலே விலகத் தெரிந்தவன்தான் அங்கே பிழைக்க முடியும். பையனின் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

விபின் தனியாக எறிந்துகொண்டிருந்தான். ஒன்றும் வளையத்துக்குள் விழவில்லை. ஒவ்வொரு எறிக்கும் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மரியஜான் ஒரு கல்லின் மேல் ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"லேய்! வளையத்துல போடச் சொன்னா மரத்தைக் கொல்லுதியால? ஆனை மாதிரி வளந்து என்ன பிரயோஜனம்? உனக்க கையில பந்தைக் குடுத்தவனைச் சொல்லணும்!"

பையன் முகம் சிவந்தது. அடுத்த பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது. அதற்கடுத்ததும். மரியஜான் திட்டத் திட்ட, அவன் இடம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தான்.

சுவரைச் சுற்றிப் போய் நான் யார் என்று சொல்லி, ஏன் ஓடி வந்தாய் என்று கேட்டேன்.

"அங்க எல்லாவனும் சூப்பர் சூப்பர்னு சொல்லுதாவ அக்கா" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "போட்டாலும் சூப்பர், விட்டாலும் சூப்பர். பொறவு எதுக்குப் போடணும்? சின்னதுல பந்தால இந்த மாமாக்க வீட்டுக் கூரை ஓட்டை உடைச்சேன். அன்னையில இருந்து இவரு வாயை அடைக்கத்தான் நான் பந்து களிக்கதே. இன்னும் அடைஞ்சபாடில்ல."

முதலாளியிடம் சரி என்றேன். கூடவே இன்னொரு ஆளையும் எடுக்க வேண்டும் என்றேன். கல்யாணம் முடக்கிக்கு அணியில் என்ன வேலை என்று அவர் மேசையைத் தட்டினார். நான் அதைவிடப் பலமாகத் தட்டினேன். கடைசியில் ‘ஆட்ட ஆலோசகர்’ என்று ஒரு பதவி பிறந்தது. மாப்பிள்ளை விசாரிப்பு இல்லை என்று தெரிந்ததும் மரியஜானுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் வந்தார்.

நாகர்கோவிலில் முதல் ஆட்டம். அரங்கம் நிறைந்திருந்தது. பெஞ்சுக்குப் பின்னால் ஆலோசகருக்கு நாற்காலி போட்டு, அங்கே உட்கார்ந்து வாயைத் திறந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், முதலாளி மட்டும் சும்மா இருந்திருந்தால்.

அவர் ஆட்டத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, "நமது ஆலோசகர் ஐயா அவர்களுக்கு" என்று மரியஜானுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார்.

நாற்பது வருடமாக ஊரே திட்டித் தீர்த்த மனுசனை யாரோ ஐயா என்று கூப்பிட்டுவிட்டார்கள். மரியஜான் சலவை வேட்டியைச் சரிசெய்துகொண்டு, காமிராவைப் பார்த்துக் கும்பிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். விபின் முதல் பந்தைத் தவறவிட்டதும் நான் நம்பிக்கையோடு திரும்பிப் பார்த்தேன்.

"பரவாயில்ல மக்கா. நல்ல முயற்சி" என்றார்.

விபின் அப்படியே நின்றுவிட்டான். அடுத்ததும் தவறியது. "சூப்பர்!" என்று கை தட்டினார் மரியஜான். எங்கே கற்றாரோ!

இடைவேளைக்குள் நாங்கள் இருபது புள்ளி பின்தங்கிவிட்டோம். "திட்டுங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினேன். பொன்னாடையைத் தடவிக்கொண்டே, "இத்தனை பேரு முன்னால, மரியாதை கெட்டத்தனமாட்டு, எப்படி பிள்ளே?" என்றார். நான் போய் விபினைத் திட்டிப் பார்த்தேன். அவன் கண் கலங்கினானே தவிரக் கோபப்படவில்லை. மூன்றாவது கால்பகுதியில் அவன் வாசலைப் பார்க்க ஆரம்பித்தான். கோயம்புத்தூர் பஸ் ஞாபகம் வந்தது. நான் போய் வாசலை மறித்து நின்றேன். எதிர்வரிசையில் முதலாளி என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். என் வேலை கண்ணெதிரே கழன்றுகொண்டிருந்தது. அதைவிட, இவ்வளவு ஆட்டம் தெரிந்த பையன் இப்படி வாடி நிற்கிறானே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் ஒரு குடும்பம் கண்ணில் பட்டது. அப்பா, அம்மா, காலேஜ் வயதில் ஒரு பெண். மூவரும் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தார்கள். யாரென்றே எனக்குத் தெரியாது. மரியஜான் காதருகே குனிந்தேன்.

"அண்ணாச்சி, அந்தா மூணாவது வரிசை பாத்தீங்களா? விபினுக்குப் பொண்ணு குடுக்க வந்திருக்காவ. எல்லாம் பேசி முடிச்ச மாதிரிதான்."

மரியஜானின் கை பொன்னாடையில் அப்படியே நின்றது. "எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சா?" என்றார். குரலே மாறியிருந்தது.

"ரொம்ப."

பொன்னாடை தரையில் விழுந்தது. மரியஜான் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

"லேய் விபினே! கண்ணு ஒரு பக்கம், கை ஒரு பக்கம்! நேராட்டு ஒரு காரியம் செய்யத் தெரியுமால உனக்கு?" அப்புறம் மூன்றாவது வரிசைக்குத் திரும்பினார். "கேட்டுக்கிடுங்க! இவன் ஒருத்தனுக்கும் அடங்காதவன்! ரெண்டு ஊருல இருந்து ஓடி வந்தவனாக்கும்! வீட்டு ஓட்டை உடைச்சவன்! இவனுக்கா பொண்ணு குடுக்கப் போறிய?"

அந்த அப்பா சோளப்பொரி வாயோடு எழுந்து நின்றார். விபினின் முகம் சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. விபின் எதிரணிக்காரன் கையிலிருந்து பந்தைப் பிடுங்கினான், ஓடினான், போட்டான். மரியஜான் அவனுடைய குறைகளைச் சின்ன வயதிலிருந்து வரிசையாக எடுத்துவிட, விபின் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடையாகப் பதில் சொன்னான். கடைசிக் கூடையைப் போட்டதும் எங்கள் பெஞ்சுக்கே ஓடி வந்து, மரியஜான் முகத்துக்கு நேராக நின்று, "இப்போ?" என்றான். ஒரு புள்ளியில் ஜெயித்திருந்தோம்.

"இப்போ என்ன? முதல்லயே போட்டிருந்தா இந்த வேலை உண்டுமா?" என்றார் மரியஜான்.

முதலாளி வந்தார். கீழே கிடந்த பொன்னாடையை எடுத்துத் தூசி தட்டி, மடித்து, தன் பையிலேயே வைத்துக்கொண்டார். என் வேலை பிழைத்தது என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். மூன்றாவது வரிசை அப்பா மட்டும் என்னைத் தேடி வந்து, "நாங்க சும்மா களி பாக்க வந்தோம், மேடம்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

அடுத்த ஆட்டத்துக்குக் கிளம்பும்போது மரியஜான் வண்டியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்சீட்டில் விபின் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு எந்த வரிசை, பிள்ளே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணாச்சி, உங்களுக்கு..."

"நாற்பது வருசமா இதையாக்கும் பாக்கேன். பொண்ணு பாக்க வந்தவன் எவனாவது சோளப்பொரி தின்னுவானா?"

நான் சிரித்துவிட்டு, அஞ்சாவது வரிசை என்றேன். சரி என்று தலையாட்டினார். வண்டி கொஞ்ச தூரம் போனது. அவர் பின்னால் திரும்பித் தூங்குகிறவனை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு காரியம் பிள்ளே. இவனுக்கு நெசமாவே ஒரு நல்ல இடம் வந்தா, அதை மட்டும் எனக்கிட்ட சொல்லிராத, என்னா?"