ஒன்றரை லட்சத்துக்கு ஒரு மைல் குறைவு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து என்னை மடக்க வேண்டாம்.

போன பிப்ரவரியில் என் பழைய காரின் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போயிருந்தேன். காத்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், ஒரு டிரெய்லர் நின்றது. டிரெய்லர் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய புய்க் கார். அதற்குள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி ஒரு பெண். காரும் நகரவில்லை, டிரெய்லரும் நகரவில்லை. அவள் மட்டும் நெடுஞ்சாலையில் லாரியை முந்தப் போகிறவள் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கோட்டைப் போர்த்திக்கொண்டு சங்கத்து அம்மாள் நின்றாள். கதவு திறந்து மூடும்போது ஒரே ஒரு வரி காதில் விழுந்தது: "இறக்கி ஓட்டிக் காட்டுங்க."

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். முறை தவறிவிடுமோ என்ற பயத்தில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

தொடக்கம் ஒன்று: டானெட்டின் காருக்குப் பன்னிரண்டு வயது, அவளுடைய வாழ்க்கையைப் போலவே அதுவும்

நிறுத்திவிட்டேன். காரை வாழ்க்கைக்கு ஒப்பிடுகிறவனை நம்பக் கூடாது.

தொடக்கம் இரண்டு: பனி பெய்துகொண்டிருந்தது.

இந்தியானாவில் பிப்ரவரியில் பனி பெய்யாமல் வேறு என்ன பெய்யும்?

தொடக்கம் மூன்று: "ஒன்றரை லட்சம் மைலைத் தொட்ட வண்டிக்கு நாங்க கடன் மாத்தித் தர்றதில்லைங்க" என்றாள் தொலைபேசியில் ட்ரூடி. "உங்க மீட்டர் இப்ப எவ்வளவு காட்டுது?"

இது நின்றது. ட்ரூடிதான் நான் பார்த்த அந்தக் கோட்டுப் போட்ட அம்மாள்; டானெட், காருக்குள் இருந்தவள். இரண்டு பெயரும் நான் வைத்தது.

டானெட் மீட்டரைப் பார்த்துச் சொன்னாள். ஒன்றரை லட்சத்துக்கு முப்பத்தொன்பது மைல் பாக்கி.

"அப்ப வியாழக்கிழமை காலையில முதல் ஆளா வந்துடுங்க" என்றாள் ட்ரூடி. "வண்டியோட வரணும். மீட்டரை நாங்களே படம் எடுப்போம்."

டானெட் வீட்டிலிருந்து கடன் சங்கத்துக்கு இருபத்திரண்டு மைல். கடனை மாற்றப் போகிற வழியிலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடும். ஆனாலும் எட்டும். காரைக் கொட்டகையில் நிறுத்தி, சாவியை மாவு டப்பாவுக்குள் போட்டாள்.

(சாவியை ஏன் மாவு டப்பாவில் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. எழுதிப் பார்த்தேன், அவள் செய்யக்கூடியவளாகத் தெரிந்தது.)

3

நீங்கள் கேட்பீர்கள்: ஒரு கடனுக்காக இத்தனை பாடா?

டானெட்டுக்கு வேலை, தள்ளாத முதியவர்களின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது. சோள வயல்களுக்கு நடுவே எட்ட எட்ட இருக்கிற வீடுகள். பஸ் கிடையாது. கார் இல்லை என்றால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் வாடகை இல்லை. அந்தக் காரை அவளுக்கு விற்றவனே கடனும் கொடுத்திருந்தான். வட்டி கந்துவட்டிக்குத் தம்பி முறை. காருக்குள், முழங்காலுக்கு மேலே, தெரியாத இடத்தில் ஒரு சின்னப் பெட்டியையும் வைத்திருந்தான். தவணைத் தேதி நெருங்கினால் அது கீ கீ என்று கத்தும். தேதி தாண்டினால் கார் கிளம்பாது. போன மாதம் ஒரு நோயாளியின் மகள் ஜன்னலைத் திறந்து, "உங்க காருல ஏதோ குருவி மாட்டிக்கிச்சு போல" என்றாளாம். டானெட், "ஆமா, ரொம்ப நாளா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கடன் சங்கத்துக்கு மாறினால் பெட்டியைக் கழற்றிவிடுவார்கள். அவளுக்கு வேண்டியது அதுதான். வட்டி குறைவது இரண்டாம் பட்சம்.*

* என் காரில் பெட்டி இல்லை. ஆனாலும் இதை எழுதிய அன்று கீழே போய் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

4

அவள் தம்பி ட்ரெண்ட். படுத்துறங்கிப் பயணம் போகிற வீட்டு வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, வாயைத் திறந்தால் யோசனை. அந்த வாரம் தன்னுடைய பிக்கப் வண்டியில் அக்காவை நோயாளிகளின் வீடுகளில் இறக்கிவிட்டுப் போனான்.

"ஏன்க்கா இந்தக் கூத்து? ஒரு ஃபியூஸைப் புடுங்கினா மீட்டர் செத்துரும். எத்தனை மைல் வேணாலும் ஓட்டிக்க."

"ஜெயில்ல கம்பி எண்ணவா?"

"யாருக்குத் தெரியப்போகுது?"

"உனக்குத் தெரியுமே. நீ வாயை மூடிக்கிட்டு இருந்த நாள் எது?"

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். இந்த நாட்டில் மீட்டரைத் திருப்பி வைப்பது குற்றம். எழுதுகிறவனுக்கு அந்தச் சட்டம் இல்லை. முப்பத்தொன்பது என்பதை அடித்துவிட்டு நானூறு என்று எழுதினேன். அவ்வளவுதான். டானெட் நிம்மதியாக வேலைக்குப் போனாள், வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டாள், கதை முக்கால் பக்கத்தில் முடிந்தது. என் மனைவி படித்துவிட்டு, "நல்லா இருக்கு. கதை எங்க?" என்றாள்.

மறுபடியும் முப்பத்தொன்பது என்று மாற்றினேன். மாற்றும்போது யாரோ ஒருத்தியின் பையிலிருந்து எடுப்பது போலத்தான் இருந்தது.

5

அவளை எப்படியாவது காரை எடுக்க வைக்க வேண்டும். முதலில் காய்ச்சலில் கிடக்கும் ஒரு குழந்தையை யோசித்தேன். விட்டுவிட்டேன். குழந்தைக்காக யார்தான் எடுக்க மாட்டார்கள்? யாருக்கும் பிடிக்காத ஓர் ஆள் தேவைப்பட்டான். வென்டல் வந்தான்.

வென்டல் அவளுடைய நோயாளிகளில் ஒருவன், எண்பதைத் தாண்டியவன். காபி ஆறிவிட்டது என்பான், சூடு அதிகம் என்பான். அவள் எத்தனை மணிக்கு வந்தாலும் லேட்டு என்பான். புதன்கிழமை காலை, ட்ரெண்ட் தொழிற்சாலைக்குள் போய்விட்ட பிறகு, வென்டல் கூப்பிட்டான்.

"குளியலறையில உக்காந்திருக்கேன்."

"சரி, உக்காருங்க."

"தரையில."

அவள் எழுந்து நின்றாள். "எங்கயாவது அடியா? ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

"சொன்னா போனை வெச்சிருவேன். போன தடவை வந்தவங்க பில்லையே இன்னும் கட்டிக்கிட்டு இருக்கேன். என் பொண்ணு காதுக்குப் போச்சுன்னா நேரா முதியோர் இல்லம்தான். அடியெல்லாம் இல்ல, எந்திரிக்கத்தான் முடியல. நீ வர்றியா, இல்ல இங்கயே மதியச் சாப்பாட்டை முடிச்சுக்கவா?"

பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டாள். குளிருக்குத் தப்பி ஃப்ளோரிடாவில் இருந்தார். அவளுடைய ஏஜென்ஸியைக் கூப்பிட்டாள். மதியத்துக்கு மேல் யாராவது வருவார்கள் என்றார்கள்.

வென்டல் வீடு பத்தொன்பது மைல். போனாலே கடன் சங்கத்துக்கு எட்டாது. இது அவளுக்குத் தெரியும். மாவு டப்பாவுக்குள் கையை விட்டாள்.

நான் அவளைத் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

கக்கத்தில் கை கொடுத்து வென்டலைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். கால் சில்லிட்டிருந்தது. கம்பளிக் காலுறை மாட்டினாள்.

"கையில என்ன வெள்ளையா?"

"மாவு."

"லேட்டா வந்ததுக்குக் காரணம் அதுதானா?" என்றான் வென்டல். பிறகு, அவள் குனிந்திருந்தபோது, அவளுடைய தலைமேல் கையை வைத்து

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வென்டல் அப்படிச் செய்கிறவன் இல்லை. காபி கேட்டான்.)

6

போய்ச் சேர்ந்ததுமே எல்லாம் போயிற்று என்று முடிவு கட்டியிருந்ததால், திரும்பி வரும்போது அவள் மீட்டரைப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் கொட்டகையில் எட்டிப் பார்த்தவன் ட்ரெண்ட்தான்.

"அக்கா, இன்னும் தாண்டல. ஒன்றரை லட்சத்துக்கு ஒண்ணு குறைவு."

"அந்த ஒரு மைலை வெச்சு என்ன பண்றது? ஊறுகாய் போடவா?"

"டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போனா மீட்டர் ஓடாதில்ல?"

டானெட் அவனை வெறித்துப் பார்த்தாள். அவன் வாழ்நாளில் சொன்ன முதல் உருப்படியான யோசனை. இதில் குற்றமும் இல்லை. எங்கள் பக்கத்தில் டிரெய்லர் இல்லாத வீடு கிடையாது, படகோ பனிவண்டியோ எதையாவது ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டேதான் இருப்பார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காரை மேலே ஏற்றினாள். எண் மாறவில்லை. அந்தக் கடைசி மைலில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று அந்த மீட்டர் சொல்லாது. முழு மைல் மட்டும்தான் காட்டும்.

எனக்கும் தெரியாது. கதையை எழுதுகிறவனுக்கே தெரியாதா என்று கேட்கலாம். மீட்டர் காட்டாததை நான் எப்படிக் காட்ட?

7

அவர்கள் செய்த தப்பு இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். டிரெய்லரில் வருகிற பழைய காரைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும்.

"ஓடாத வண்டிக்குக் கடன் குடுக்க முடியாதுங்களே" என்றாள் ட்ரூடி.

"ஓடும். மைலை மிச்சம் பிடிக்கத்தான் இப்படி." டானெட் எல்லாவற்றையும் சொன்னாள், வென்டலைத் தவிர. "மேலயே ஸ்டார்ட் பண்றேன். ஏறி வந்து ஒரு படம் எடுத்துக்குங்க. அப்புறம் எவ்வளவு வேணாலும் ஓட்டிக் காட்டறேன்."

ட்ரூடி டிரெய்லரைப் பார்த்தாள். பலகையெல்லாம் பனிக்கட்டி. "எங்களை ஏற விடமாட்டாங்க. போன வருஷம் ஒருத்தர் ஏறி இடுப்பை உடைச்சுக்கிட்டார். அதுலேர்ந்து விதி."

"நான் எடுத்துத் தர்றேன்."

"நீங்க எடுத்தா செல்லாது. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. இறக்கி ஓட்டிக் காட்டுங்க. இறக்கின உடனே படம் எடுத்துடறேன்."

"நியூட்ரல்ல தள்ளி இறக்கிடலாமாக்கா?" என்று கிசுகிசுத்தான் ட்ரெண்ட். கியரை எடுக்கச் சாவியைத் திருப்ப வேண்டும், திருப்பினால் மீட்டரும் விழித்துக்கொள்ளும். அவனே புரிந்துகொண்டு தலையைச் சொறிந்தான்.

டானெட் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள். ட்ரூடி கீழிருந்து அதையே மறுபடி சொன்னாள். நான் கண்ணாடி வழியே பார்த்தது இந்த இடம்தான்.

8

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: சரிவுப் பலகையின் பாதியில் எண் மாறுகிறது. ட்ரூடி படம் எடுக்கிறாள், வேறு வழியில்லாமல்.

இரண்டாவது: எண் மாறவில்லை. பெட்டியைக் கழற்றி டானெட்டின் கையில் கொடுக்கிறார்கள். அவள் அதைப் பனியில் வீசி

மூன்றாவதில் ட்ரூடி தன் கட்டைவிரலால் அந்த எண்ணை மறைத்து, வேறு பக்கம் பார்க்கிறாள். இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். ட்ரூடிக்கும் ஒரு வேலை இருக்கிறது, அவளுக்கும் கார் கடன் இருக்கும்.

ஒன்றும் கையில் நிற்கவில்லை. ஆகவே நிஜமாகப் பார்த்ததைச் சொல்கிறேன். என் வேலை முடிந்து வெளியே வந்தபோது டிரெய்லரும் இல்லை, காரும் இல்லை. காலையிலிருந்து விழுந்த புதுப் பனியில் சக்கரத் தடங்கள் மட்டும் இருந்தன. டிரெய்லர் நின்ற இடத்திலிருந்து ஒரு காரின் தடம் கிளம்பி, அந்த இடத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, வாசல் வழியாகச் சாலைக்குப் போயிருந்தது. அவள் காரை மறுபடி டிரெய்லரில் ஏற்றவில்லை. ஓட்டிக்கொண்டே போயிருக்கிறாள்.

முதலில் சந்தோஷப்பட்டேன். கடன் கிடைத்துவிட்டது, இனி மைலை மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை, ஓட்டிப் போய்விட்டாள் என்று நினைத்தேன். என் காரில் ஏறிச் சாவியைத் திருப்பும்போதுதான் உறைத்தது. கடன் கிடைக்காவிட்டாலும் இனி மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. அப்போதும் ஓட்டிக்கொண்டுதான் போயிருப்பாள்.

நாளைக் காலை அந்தச் சாம்பல் நிறப் புய்க் வென்டல் வீட்டு வாசலில் நிற்கும். அவன் லேட்டு என்பான். இது இரண்டிலும் உண்டு. அவள் உள்ளே போனதும் நீங்கள் காருக்குப் பக்கத்தில் போய், ஜன்னல் கண்ணாடியில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே கீ கீ என்று கத்துகிறதா, சத்தம் இல்லையா? நான் சாலைக்கு இந்தப் பக்கத்திலேயே நிற்கிறேன்.