விரலுக்கு ஒரு முகம்

குண்டூசி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒல்லியான உடம்பு, சுருக்கென்று குத்தும் வாய். தொழிலும் அதற்கேற்றாற்போல் அமைந்துவிட்டது: போட்டோவைக் கொடுத்தால், கம்ப்யூட்டர் சொல்கிறபடி செதுக்கும் சிஎன்சி மெஷினில் மரப்பலகையில் செதுக்கித் தருவாள். புதுத் தம்பதிகள், ஓய்வுபெறும் அதிகாரிகள், ஒரு முறை யாரோ ஒருவரின் நாய். நாய்தான் இருப்பதிலேயே நன்றாக வந்தது என்று அவளே சொல்வாள்.

குண்டூசியின் அக்காவுக்குச் சர்க்கரை நோயில் பார்வை போய் வெகு காலமாகிவிட்டது. அதற்கப்புறம் தன் புருஷனை, குண்டூசியின் மாமாவை, அவள் கையால்தான் பார்த்தாள். காலையில் எழுந்ததும் அவர் முகத்தை ஒரு முறை தடவிவிட்டுத்தான் மற்ற வேலை. போன வருடம் மாமா போய்ச் சேர்ந்தார்.

"அவர் முகத்தை மரத்துல செஞ்சு குடுடி" என்று தங்கையின் பட்டறைக்கே வந்து கேட்டாள் அக்கா. "கை மறந்துக்கிட்டே வருது. மூக்கு ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம் நழுவுது."

இதைக் காதாரக் கேட்டுவிட்டு குண்டூசி செய்த காரியத்தைப் பாருங்கள். மாமாவின் ஸ்டுடியோ போட்டோவை எடுத்தாள். மெஷினில் கூரான வி பிட்டை, ஆங்கில V மாதிரி முனை குவிந்த வெட்டுளியை, மாட்டினாள். வெளிர் நிறப் பலகைக்கு, பெயின்ட் மரத்தில் ஊறாமலிருக்க சீலர் அடித்து, நெருக்க நெருக்கமாகக் கோடு கோடாக ஓட்டினாள். போட்டோவில் இருட்டான இடத்தில் பிட் ஆழமாக இறங்கி அகலமாக வெட்டும், வெளிச்சத்தில் மேலோட்டமாகக் கீறும். கோடுகளில் கறுப்புப் பெயின்ட் பூசி, மேலே ஒட்டியதை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, பளபளவென்று வார்னிஷும் அடித்தாள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மாமா சிரித்தார். பக்கத்துக் கடை டெய்லர் வந்து பார்த்து அச்சு அசல் என்றார்.

அக்கா பலகையை மடியில் வைத்துத் தடவினாள்.

"சீப்பு மாதிரி இருக்குடி."

குண்டூசி பலகையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

சரி, கோடு வேண்டாம், மேடு பள்ளமாகச் செய்வோம் என்று உருண்டை முனை பிட்டை மாட்டினாள். சாஃப்ட்வேர் வெளிச்சத்தை மேடாக்கும், இருட்டைப் பள்ளமாக்கும். அதையும் கண்ணால் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

"இதென்னடி, மீசை இருக்கிற இடத்துல வாய்க்கால் வெட்டி வச்சிருக்கே?" என்றாள் அக்கா. "கண்ணு ரெண்டும் ஓட்டையா இருக்கு."

"போட்டோல கறுப்பா இருந்தா பள்ளமாயிடும்க்கா."

"எனக்கென்னடி கறுப்பும் வெளுப்பும்?"

அப்போதுதான் குண்டூசிக்கு உறைத்தது. ஆத்திரமாக வந்தது, தன் மேல்தான். பார்வையில்லாதவள் கேட்ட சாமானைப் பார்வைக்குச் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

போட்டோவை மூடி வைத்தாள். அக்காவைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கையை எடுத்துத் தன் முகத்தின் மேல் வைத்தாள்.

"மூக்கு இவ்வளவு உசரமா?"

"உன்னோடது சப்பை. இன்னும் தூக்கு."

"நெத்தி?"

"கொஞ்சம் அகலம். புருவம் தடிப்பா இருக்கும். மீசைக்கு உன் மூஞ்சில எங்கடி போய்த் தேடுறது?"

அக்கா சொல்லச் சொல்ல, திரையில் ஒவ்வொரு இடமாக ஏற்றியும் இறக்கியும் சரிசெய்தாள். செதுக்கி முடித்ததும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்தாள். வார்னிஷ் கைக்குக் கண்ணாடி மாதிரி சில்லென்று இருக்கும் என்று இந்தத் தடவை மெழுகு மட்டும் போட்டாள்.

அக்காவின் விரல்கள் நெற்றியில் இறங்கின. புருவம், மூக்கு, மீசை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கன்னத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"எல்லாம் அவர்தான். இது மட்டும் யார் கன்னமோ. என்னன்னு சொல்லத் தெரியலடி. விடு, நீயும் எவ்வளவுதான் செய்வே."

அந்த 'விடு'தான் குண்டூசிக்குத் தாங்கவில்லை. அக்காவை முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஸ்டுடியோவுக்குப் போகிறோமென்று மழமழவென்று மழித்துக்கொண்டு போயிருந்தார் மனுஷன். இப்படி இவள் அவரைப் பார்த்ததே கிடையாது. மாமா முத்தம் கொடுக்க வந்தாலே குழந்தைகள் குத்துமென்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஓடும்.

மூலையில் போட்டிருந்த வி பிட்டை எடுத்து மாட்டினாள். தாடையிலும் கன்னத்தின் கீழ்ப்பாதியிலும் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக மேலோட்டமாக ஓட்டினாள். கோடும் கோடும் வெட்டிக்கொண்டதில் பொடிப்பொடியாக முனைகள் நின்றன. உப்புத்தாளை அந்தப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. தூசியை மட்டும் பிரஷால் தட்டிவிட்டு அக்காவின் மடியில் வைத்தாள்.

விரல்கள் நெற்றியிலிருந்து இறங்கிக் கன்னத்துக்கு வந்தன. அங்கேயே நின்றன. பிறகு முழு உள்ளங்கையும் வந்து படிந்தது.

அக்கா பலகையிடம்தான் பேசினாள்.

"இன்னிக்கும் சவரம் பண்ணலையா நீங்க?"

குண்டூசி சத்தம் போடாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். புருஷன் பெண்சாதி பேச்சில் அவளுக்கு என்ன வேலை.