கிரீட்டின் மகன்

...அப்பன் பெயர் இல்லாமலா ஒருவன் கப்பல் ஏறியிருப்பான், எங்கேயாவது இருக்கத்தான் வேண்டும், பரிமளா சதுரங்கப்பட்டினம் கோட்டைக் கல்லறையில் குந்தியபடி கல்லின் மேல் தண்ணீர் ஊற்றித் துடைத்தாள், கூடுவாஞ்சேரி வீட்டில் உட்கார்ந்து வெள்ளைக்காரர்களுக்கு வம்சம் தேடிக் கொடுப்பது அவள் பிழைப்பு, இந்த முறை அமெரிக்காவிலிருந்து ஜாய்ஸ் அம்மாள், அந்த அம்மாளின் மூதாதை யான் கிரீட்டன்ஸ், நியூயார்க்குக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன்பே அங்கே குடியேறிய டச்சுக்காரன், அவன் தம்பி பீட்டர் டச்சுக் கும்பெனி வேலைக்கு இங்கே வந்து செத்தவன்... அந்தக் காலத்தில் அவர்களுக்கும் நம்மைப் போலக் குடும்பப் பெயர் கிடையாது, கிரீட்டன்ஸ் என்றால் கிரீட் என்கிறவரின் மகன், நம்மூர் இனிஷியல் மாதிரிதானே, அப்பன் பெயர்தானே என்று பரிமளா மாதக்கணக்கில் அந்த அப்பனைத் தேடுகிறாள், பாவி எந்தப் பதிவிலும் அகப்படவில்லை... இனிஷியல் என்றதும் மகள் அனு ஞாபகம், பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பெயர் கொடுக்க நாளைதான் கடைசி, வ. அனு வேண்டாமாம், அம்மா பெயர் போட்டு ப. அனுவாம், புருஷன் வசந்த் சொல்லாமல் கொள்ளாமல் போய் நாலு வருஷம், ஒரு போன் கிடையாது, அதற்காகப் பெற்றவன் பெயரை எடுத்துவிட முடியுமா, நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், எல்லாம் அவள் நல்லதுக்குத்தானே...

காவலாளி தமிழ்வாணன் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். "இன்னா மேடம், இம்மா நேரமா இந்தக் கல்லையே பாத்துகினு கீறீங்க, சொந்தக்காரங்களா?" இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனைக் கல்லுக்கு நேரே பிடித்தாள், செதுக்கிய மண்டையோட்டுக்குக் கீழே தேய்ந்த எழுத்து, போன் அதைத் தமிழாக்கிக் காட்டியது, ரொட்டிக்காரி கிரீட்டின் மகன் பீட்டர்... ரொட்டிக்காரியா, அப்படியானால் கிரீட் அம்மாவா, தாய் பெயரைத்தான் இரண்டு பையன்களும் கடல் தாண்டிக் கொண்டுபோனார்களா, ஆளுக்கொரு திசையாக? அப்பன் செத்தானா, இல்லை வசந்த் மாதிரி கிளம்பிப் போனானா, கல்லில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஜாய்ஸ் அம்மாளுக்கு இனி அவன் கிடைக்கவே மாட்டான்.

போன் அடித்தது, அனு. "இன்னாம்மா சொல்ற, மிஸ்ஸு காலைல கேப்பாங்க, ப போட்டுடவா?" போடு என்று சொல்ல வாய் திறந்தாள்... பெண் கேட்டு வருகிறவர்கள், ஊர், அதெல்லாம் ஒரு சாக்கு, அனு அந்த வ-வை எப்போதோ விட்டாயிற்று, அது இருக்கிற வரைக்கும் அவன் திரும்பி வருவான் என்று அதைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்?

"அம்மா, லைன்ல கீறியா?"

இருக்கிறேன் என்றாள். கல் அதற்குள் காய்ந்து எழுத்து மங்கியிருந்தது, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை மறுபடி அதன் மேல் ஊற்றினாள், கிரீட் என்ற அம்மாவின் பெயர் தெளிந்து வந்தது.