வூட்டுக்கு ஒரு செடி

மரத்துக்கு நம்பர் போட்டால் மரம் போச்சு, கல் நட்டால் நிலம் போச்சு. தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர் வரைக்கும் நான் பார்த்தது அதுதான். அதனால் எங்கள் ஊர் ஓடைக்கரைத் தோப்பில் மரம், செடி, கொடி எல்லாத்திலும் தகரத் துண்டில் நம்பர் தொங்கியதும் நான் யாரையும் கேட்கவில்லை. அரிவாளை எடுத்துப் போய் அத்தனையும் அறுத்து ஒரு சிமெண்டு சாக்கில் போட்டேன்.

அந்த ஓடை அடையாற்றில் போய்ச் சேருவது. பெருவெள்ளத்துக்கு அப்புறம் அதை அகலப்படுத்தப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் கரையைத்தான் வழிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அதுக்குத்தான் இந்த நம்பர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சாக்கை முடிந்துகொண்டிருக்கும்போது சுபத்ரா வந்தார். புதுக் காலனியில் இருக்கிற அம்மா. காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்தி ரிட்டையர் ஆனவர்.

"பெரியவரே, சாக்குல என்ன?"

"உங்க ஆளுங்க கட்டின நம்பரு. எத்தினி பிளாட்டு போடறீங்க?"

அந்தம்மா சத்தம் போடவில்லை. குனிந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"பிளாட் இல்ல. நாப்பது வகைக்கு மேல இருக்கு, இந்தக் கரையை விட்டுடுங்கன்னு மனு குடுத்திருக்கேன். நாளைக்குக் காலைல இன்ஜினியர் வந்து நம்பர் நம்பரா பார்க்கப் போறார். ஒரு மாசமா கணக்கெடுத்து நேத்துதான் கட்டினோம். அவர் திருப்தியா போனாதான் கரை தப்பிக்கும்."

"எங்க கைல சொல்லியிருக்கலாமே."

"அரிவாளத் தூக்கறதுக்கு முன்னாடி நீங்க கேட்டிருக்கலாமே."

"காலனிக்காரங்க பாம்பு கீது, புதர வெட்டுன்னுதான் வருவாங்க. உன்னை எத்த வெச்சு நம்பறது?"

"பாம்பு இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. சொல்லவில்லை.

என் அக்கா அங்காளம்மாள் விஷயம் கேட்டு வேகமாக வந்தாள். "நல்லா பண்ணின பொன்னுரங்கம். தோப்ப அழிக்கறதுக்கு மிஷின் எதுக்கு, நீ ஒருத்தன் போதும்" என்றாள்.

"இப்ப இன்னான்ற?"

"எதுக்குடா தகரம்? அவங்கவங்க வூட்டுச் செடி அவங்கவங்களுக்குத் தெரியாதா?"

டீச்சரம்மாவுக்கு ஒண்ணும் புரியவில்லை. அக்காதான் விளக்கினாள். ஆடியில் எங்கள் கன்னியம்மனுக்குக் கரகம் ஜோடிப்போம். வேப்பிலை மட்டும் சொருகினால் அது வேற ஊர்க் கரகம். எங்களுக்கு வூட்டுக்கு ஒரு செடி. எங்க வூட்டுக்கு நீர்மருது. அக்கா வாழ்க்கைப்பட்ட வூட்டுக்கு அழிஞ்சி. இன்னொரு வூட்டுக்கு நொச்சி, இன்னொண்ணுக்குத் தாழை, காரை, பிரண்டை என்று ஓடும். ஒவ்வொரு வூடும் தன் செடியில் மஞ்சள் துணி கட்டி, ஒரு கொத்து ஒடித்துக் கொண்டுவந்து சொருகணும். ஒரு கொத்து குறைந்தாலும் பூசாரி கரகத்தைத் தலையில் தூக்க மாட்டார். தன் செடியை வாட விட்ட வூட்டை ஊரே பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே ஒரு செடியும் சாகவில்லை. மெட்ராஸைச் சுத்தி இப்படி ஒரு கரகம் வேற எந்த ஊரில் எழும்புது, சொல்லுங்கள்.

என் மகன் பாலு போனை எடுத்து எல்லா வூட்டுக்கும் சொன்னான். மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டார்கள். கீழ்க்கட்டளையில் பிளாட் வாங்கிப் போனவர்கள் காரில் வந்தார்கள். மாடம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்த பெண்கள் ஆட்டோவில் வந்தார்கள். ஆடி இல்லாத மாசத்தில் தோப்பு முழுக்க மஞ்சள் துணி.

இன்ஜினியர் பைலோடு வந்தார். "நம்பர் எங்கம்மா?" என்று டீச்சரம்மாவைக் கேட்டார்.

"நான் அறுத்துட்டேன்" என்றேன். "செடிய அறுக்கல. பாத்துக்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நடந்தார். செடிக்கு ஒரு பொம்பளை நின்றுகொண்டிருந்தாள்.

"இது என்னம்மா?"

"காரை. எங்க வூட்டுது."

"நீங்க ஏன் நிக்கறீங்க?"

"மிஷின் வருதாமே. வரட்டும், நான் இங்கதான் நிப்பேன்."

டீச்சரம்மா தன் போனில் இருந்த பேரைச் சொல்லச் சொல்ல அவர் சரி பார்த்துக்கொண்டே வந்தார். அந்தம்மா ஒண்ணுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. நம்ம தோப்பை ஒருத்தி இவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறாளே.

நான் தினம் மாடு ஓட்டிப் போகிற தடத்து ஓரம் வந்ததும் டீச்சரம்மா நின்றார். தரையோடு தரையாக ஒரு சின்னச் செடி, வெள்ளைப் பூ. வாயில் நுழையாத ஒரு பேர் சொன்னார். அங்கே மட்டும் துணி இல்லை, ஆளும் இல்லை.

"இது யார் வீட்டுது?" என்றார் இன்ஜினியர்.

வெளி ஆளுக்கு நாங்கள் செடி கொடுத்ததே கிடையாது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"டீச்சரம்மா வூட்டுது" என்றேன்.

இன்ஜினியர் எதிர்க்கரையைப் பார்த்தார். அங்கே இருப்பது சீமைக் கருவேலம்தான், வேற ஒண்ணும் கிடையாது. "அந்தப் பக்கம் அகலப்படுத்திக்கலாம். இதைத் தொட வேண்டாம்னு எழுதறேன்" என்றார்.

"எழுதினத காட்டிட்டுப் போ" என்றேன். காட்டினார். பாலு படித்துச் சொன்ன பிறகுதான் வண்டிக்கு வழி விட்டேன்.

அக்கா தன் முந்தானை ஓரத்தைக் கிழித்து மஞ்சளில் நனைத்து டீச்சரம்மா கையில் கொடுத்தாள். "ஆடிக்கு ஒரு கொத்து கொண்டாரணும். அமெரிக்காவுல புள்ள கீறான், போயிட்டேன்னு சொல்லக்கூடாது."

"வந்துடுவேன்." அந்தம்மா மண்டி போட்டுத் துணியைக் கட்டினார். தண்டு மெலிசு, முடிச்சு போட நேரமாச்சு. "பெரியவரே, இதைச் சுத்தி ஒரு வேலி போடலாமா? மாடு மிதிச்சுடும்."

"வேலி வேணாம்" என்றேன். "நாளையிலேர்ந்து மாட்ட அந்தாண்ட சுத்தி ஓட்டிக்கினு போறேன்."